அலறல், பெட்டி எண் 114

அவள் முகத்தைப் பார்ப்பதற்கு
இருபத்தாறு வருடம் முன்பே
அவள் தொண்டை எனக்குப் பழக்கம்.

பர்பேங்க்கில், ஜன்னலில்லாத ஒலிக்கூடத்தில்
இரும்பு அலமாரியின் நான்காம் தட்டு.
பெட்டியின் மேல் நீல மையில்:
‘பெண். அலறல். படிக்கட்டு. இரண்டேகால் வினாடி.’
பெயர் கிடையாது.

எத்தனை வாய்களில் ஊற்றியிருக்கிறேன் அதை!
கத்தத் தெரியாத அழகிகள்
வாயை மட்டும் திறப்பார்கள்,
மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன்.
சுறா இழுத்துப் போனவளுக்கு அவள்தான்.
மாடியிலிருந்து விழுந்த செவிலிக்கும் அவளே.
ஒருமுறை, அவசரத்துக்கு,
வேகத்தைக் கூட்டி
ஒரு குதிரைக்கு.

பெட்டியை மாற்றும்போது
அடியில் ஒட்டியிருந்தது சம்பளச் சீட்டு:
லுட்மிலா ப்ரொகாஸ்கா,
ஒரு நாள்,
ஐம்பத்தைந்து டாலர்.

அதன் பிறகு விசாரித்துத் தெரிந்தவை இவை.
அயோவாவில் சீடர் ராப்பிட்ஸ்.
ஓட்ஸ் ஆலை புகை விட்டால்
ஊருக்கே கஞ்சி வாசம்.
அப்பா அங்கே மூட்டை தைத்தார்,
செக் மொழியில் திட்டினார்.
பத்தொன்பதில் பஸ் ஏறினாள்.

ஸ்டுடியோ முதலில் அவள் பெயரை வெட்டியது.
பிறகு முடியை.
பிறகு, கன்னம் ஒட்ட வேண்டுமென்று,
கடைவாய்ப் பற்கள் நான்கை.
எஞ்சியவளுக்கு மில்லி ப்ரூக் என்று பெயர்.

எட்டுப் படங்கள்.
ஆறில், இடைவேளைக்கு வெகு முன்னரே பிணம்.
பிறகு தொலைக்காட்சி;
மதிய நேரத் தொடரில், துணி மடிக்கும் பெண்களுக்காக,
டாக்டரின் இரண்டாம் மனைவியாகப் பதினோரு வருடம்
பொய் சொன்னாள், அழுதாள், விஷம் கலந்தாள்.
சம்பளம் கூட்டிக் கேட்டாள்.
அடுத்த திங்கட்கிழமை
இரண்டாம் மனைவி டொராண்டோவில் தங்கையைப் பார்க்கப் போனாள்.
இன்னும் திரும்பவில்லை.

காய்கறிக் கடையில் கேட்பார்களாம்:
‘டொராண்டோவில் குளிர் எப்படி?’
‘தாங்க முடியவில்லை’ என்பாளாம்
தக்காளியை அழுத்திப் பார்த்தபடி.

நடுவில் ஒரு கல்யாணம்,
நீச்சல் குளம் விற்பவனோடு.
அவன் போனபின் இவள் வீடு விற்றாள்.
வாங்க வந்தவர்கள் சமையலறையை விட்டுவிட்டு
அவள் முகத்தையே சுற்றிப் பார்த்தார்கள்.

எழுபத்தொன்றில் என் கூடத்துக்கு வந்தாள்.
ஏதோ படத்தில் பக்கத்து வீட்டுக்காரி,
ஒரே வசனம்,
அதையும் விமானச் சத்தம் தின்றுவிட்டது.
‘கதவைச் சாத்திவிட்டுப் போ.’
இரண்டே முறை சொன்னாள்.
இரண்டாவதில் எனக்கே எழுந்து சாத்தத் தோன்றியது.

பிறகுதான் 114-ஐப் போட்டுக் காட்டினேன்.
காதுக் கருவியைத் திருகிக்கொண்டு கேட்டாள்.
மறுபடி போடச் சொன்னாள்.

‘பயமில்லை இது’ என்றாள்.
‘சாப்பாட்டு மணி தாண்டி இரண்டு மணி நேரம்.
பன்னிரண்டாவது தடவை எடுத்தார்கள்.
பசி.’

கிளம்பும் முன் ஒரு வழக்கம் உண்டு எங்களுக்கு.
வெறும் அறையையும் பதிவு செய்ய வேண்டும்,
வசனங்களுக்கு நடுவே பூச.
முப்பது வினாடி யாரும் அசையக்கூடாது.
நின்றாள், கைப்பையை மார்போடு அணைத்து.
இருபத்தோராவது வினாடியில்
அவள் வயிறு கடமுடவென்றது.
கண்ணை மட்டும் என் பக்கம் உருட்டினாள்.
சிரிக்காமலிருக்க நான் பட்ட பாடு!

மார்ச்சில் செய்தித்தாளில் இரண்டங்குலம்.
படம் வேறு யாருடையதோ.

போன வியாழன் ஒரு காட்சி வந்தது:
ஆளில்லாத சமையலறை, மேசை, வெயில்.
‘இங்கே ஒன்றுமே கேட்கக்கூடாது’ என்றார் இயக்குநர்,
இருபத்தெட்டு வயதுக்காரர்.
ஒன்றுமில்லாததற்கும் ஒரு ஒலி தேவை.
அலமாரிக்குப் போனேன்.

பார்த்து முடித்துக் காதைத் தேய்த்தார்.
‘நடுவில் என்னவோ உறுமுகிறதே,
குளிர்பெட்டியா? எடுத்துவிடுங்கள்.’

சரி என்றேன்.
எடுக்கவில்லை.