இருமுங்க

தாராச் சொண்டு மாதிரி ஒன்றைச்
சுடுதண்ணியில் நனைத்துக்கொண்டு
"இருமுங்க புள்ள" என்றார் யோகநாயகி மிஸ்.
இருமினேன்.
பத்து வருஷம்
ஒரே இருமலில் தட்டில் வந்து விழுந்தது.

பார்க்கவேணும் என்றேன்.
எல்லாரும் முகத்தைத் திருப்புவார்களாம்,
சிரித்துக்கொண்டு தட்டைச் சரித்துக் காட்டினார்.
நெருப்புக்குச்சி நீளம்கூட இல்லை.
உடுப்புக்கொடி கட்டுகிற கம்பம்போல ஒரு சின்ன லூப்.
போட்ட அன்று
தோல் உரித்த புது வயராய் மின்னிய செம்பு
இப்போது ஊறின புளியின் நிறம்.
அடியில் இரண்டு நூல்.

அந்த நூலில் ஒருமுறை தடக்கினார் அவர்.
"என்ன இது, நைலோன் மாதிரி?"
"தையல். ஹிமாயாவுக்குப் போட்டது."
கட்டாரில், சுவருக்குள் ஓடும் செம்பை
தட்டிப் பார்த்தே சொல்லுகிற மனிசன்
நம்பினார்.

ஹிமாயா மூன்றாவது.
கல்முனை ஆஸ்பத்திரியில்
ஐந்து பைந்து இரத்தம் ஏற்றினார்கள்.
அவருக்குப் போனில்
தாயும் பிள்ளையும் சுகம் என்றார்கள்.
பொய்யில்லை, விடியும்போது சுகம்தான்.

மாமி, மௌத்தாகும் வரைக்கும்,
ஆம்புளப் புள்ளைக்கென்று தண்ணி ஓதித் தந்தா.
ஒரு கோப்பையும் மிச்சம் வைக்கவில்லை நான்.
பிஸ்மி சொல்லித்தான் குடித்தேன்.
தண்ணியும் செம்பும் உள்ளே
என்ன கதைத்துக்கொண்டனவோ.

பத்து வருஷத்தில் நாலு தரம் வந்தார்.
நாற்பத்தைந்து நாள் வீதம்.
அதில் மாமியின் மௌத்து,
மூத்தவளுக்கு வந்த அம்மை,
ஒரு முழு நோன்பு மாசம்
கழித்துப் பார்த்தால்
இந்தக் கம்பம் வேலை செய்ததைவிட
காவல் இருந்ததுதான் அதிகம்.

"புதுசு போடவா? அவர் எப்ப வாறார்?"
"கென்சல் அடிச்சிட்டாராம் மிஸ்.
அடுத்த மாசம் ஒரேயடியா."
கையுறையை மாற்றிக்கொண்டே கேட்டார்,
"அப்ப, சொல்லியாச்சா?"

ஃபேன் சுற்றியது.
வெளியே ஏதோ பிள்ளை ஊசிக்கு வீரிட்டது.
வயல்பக்கம் போகிற அறுவடை மெசினுக்கு
நிந்தவூர் வீதி முழுக்க ஒதுங்கி நின்றது.

"முதல்ல போடுங்க."

பழைய அட்டை அரிசி வாளிக்குக் கீழே கிடந்தது.
புதியதைப் பிறிஜ்ஜில் ஒட்டினேன்,
அவர் அனுப்பின ஒட்டகக் காந்தத்தை வைத்து.
எடுத்தேன்.
திரும்ப ஒட்டினேன்.

"உம்மா, ரெண்டாயிரத்து முப்பத்திநாலுல என்ன?"
ஹிமாயா எழுத்துக்கூட்டிக்கொண்டு நின்றாள்.
அடிவயிறு இழுத்துப் பிடித்தது, கொஞ்சம்.
"உனக்கு இருபது வயசு" என்றேன்.