முடிவுத் தேதி

வண்ணாரப்பேட்டையில்
மோட்டார் வைண்டிங் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ்.
கீழே அவர்கள் தாமிரக் கம்பி சுற்றுகிறார்கள்.
மேலே நான் மாதங்களைச் சுற்றுகிறேன்.

ஜனவரித் தூண் திரையில் நிமிர்ந்து நின்றது.
டிசம்பரைவிட இருபத்திரெண்டரை சதவீதம் உயரம்.
பச்சை. மேல்நோக்கி ஓர் அம்பு.
புதிய சந்தாதாரர்: இருநூற்று ஒன்பது.
"பேங்க் மேனேஜரு இதப் பாத்தாருன்னா
லோனக் கையில குடுத்துட்டுத்தான் காப்பியே குடிப்பாரு"
என்றார் ஞானதுரை அண்ணாச்சி.

அவருக்கும் இந்த ரிப்போர்ட்டுக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு.
ஜெபக்கனி டீச்சர் நவம்பரில்
வருஷத்துக்கும் சேர்த்து ஆறாயிரம் கட்டினார்.
ரிப்போர்ட்டில் ஐநூறுதான் ஏறியது.
"மிச்சம் எங்கட்டி போச்சு?"
"இன்னும் வராத மாசத்துல இருக்கு அண்ணாச்சி.
பணம் வந்துட்டு. மாசம் வரலை."
அன்று ராத்திரியே
டீச்சர் வீட்டில் தொங்கிக்கொண்டிருந்த வயரை இழுத்துக் கட்ட
ஆள் போனது.

சூத்திரம் ஒன்றும் பெரிதில்லை.
தொடங்கிய தேதி மாதக் கடைசியைத் தாண்டியிருக்கக் கூடாது.
முடிந்த தேதி மாத முதலுக்கு முந்தியிருக்கக் கூடாது,
அல்லது காலியாக இருக்க வேண்டும்.
காலி என்றால்
ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

இருநூற்று ஒன்பது பேரையும் தெருவாரியாகப் பிரித்தேன்.
மீனாட்சிபுரம். சிந்துபூந்துறை. கருப்பந்துறை.
கொக்கிரகுளத்தில் பள்ளமான மூன்று தெரு.
மேட்டுத்தெரு ஒன்றுகூட இல்லை.
போன் நம்பர்களெல்லாம்
என் விரலுக்கு ஏற்கெனவே பழகியவை.

டிசம்பரில் ஆறு வந்தது.
குறுக்குத்துறையில் முருகனை முக்கிவிட்டு
அவ்வளவோடு திரும்பாமல் தெருவுக்குள்ளும் வந்தது.
சேறு குடித்த இருநூற்றுப் பன்னிரண்டு மோடங்களை
லைன்மேன் மாசானம் உரச்சாக்கில் அள்ளி வந்து
இந்த மாடிப்படியில்தான் கொட்டினான்.
"இந்த மாசம் அவ்வோகிட்ட காசு கேக்கப்படாது"
என்று சொன்னதும் அண்ணாச்சிதான்.

சாஃப்ட்வேருக்கு யாரும் சொல்லவில்லை.
விலகியவர் இருநூற்றுப் பன்னிரண்டு என்று
அது பாட்டுக்கு எழுதிக்கொண்டது.
ஜனவரியில் புது மோடம், புது எண், புது வரி.
புது மனிதர்கள் என்றே நம்பிவிட்டது.

"வளர்ச்சி இல்ல அண்ணாச்சி.
வெள்ளம் வடிஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

கீழே வைண்டிங் மெஷின் நின்றது. திரும்ப ஓடியது.
"மாத்திரு" என்றார்.
காப்பியைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

போன் நம்பரை நூலாக வைத்துக் கோத்தேன்.
நாற்பத்தைந்து நாளுக்குள் திரும்பினால் ஒரே ஆள்.
புதியவர், தொடர்பவர், விலகியவர்
என்று மூன்றே பெட்டி இருந்தது.
நாலாவது பெட்டி திறந்ததும் பெயர் கேட்டது.
ஈரம் என்று தட்டினேன்,
பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று.

அம்பு போய்விட்டது.
நவம்பரில் ஐந்து லட்சத்து எழுபதாயிரம்.
ஜனவரியில் அதைவிட ஆயிரத்து ஐநூறு குறைவு.
மூன்று பேர்.

ஒருவர் தென்காசியில் மகன் வீட்டோடு போய்விட்டார்.
ஒருவர் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார்,
அங்கே விலை குறைவு, குற்றம் சொல்ல முடியாது.
மூன்றாவது, வெயிலுகந்தாள், கருப்பந்துறை, ஜெராக்ஸ் கடை.
நம்பர் உபயோகத்தில் இல்லை.
ஷட்டரில் என் தலைக்கு மேலே
தண்ணீர் விட்டுப்போன பழுப்புக் கோடு.
பக்கத்துக் கடையில் கேட்டேன். அவர்களும்
என்னைத்தான் கேட்டார்கள்.

முடிவுத் தேதிக் கட்டம்
நாள், மாதம், வருடம் தவிர எதையும் வாங்காது.
தெரியவில்லை என்று எழுத அதில் வழியில்லை.

தொகையில் பூஜ்யம் போட்டேன்.
தேதியைத் தொடவில்லை.

இப்போது பணக்கணக்கில்
ஆயிரத்து நூற்று முப்பத்தேழு பேர்.
ஆள்கணக்கில் ஒருவர் கூட இருக்கிறார்.
ஆடிட்டர் கேட்பார்.
மார்ச் வரைக்கும் நேரமிருக்கிறது.