எட்டாவது இலக்கம்

காண்டியகாஷ் சந்திப்பு, ஆறாம் தடம்,
சுழியத்துக்குக் கீழே முப்பத்திரண்டு.
பேனாவில் மை உறைந்துவிடும் என்பதால்
எண்களை நான் கத்துகிறேன்.
கணப்பு அறையில் உட்கார்ந்து
செரிக்பாய் கணினியில் ஏற்றுகிறான்.

வண்டிக்கு எட்டு இலக்கம்.
ஏழில் தொடங்கினால் எண்ணெய் டேங்கர்.
பதினேழாவதன் வயிற்றில் பனி அப்பியிருந்தது.
கையுறையால் துடைத்தேன்.

ஏழு.
எழுபத்து மூன்று.
எழுநூற்று முப்பத்தொன்பது.
ஏழாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று

"ஒவ்வொன்றாகச் சொல்,
கூட்டிச் சொல்லாதே" என்றது வாக்கிடாக்கி.

அவனுக்குத் தெரியாது.
போன பனிக்காலம் முழுக்க
பதிவேட்டின் பின்பக்கங்களில்
நான் வகுத்துப் பார்த்த எண் அது:
ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து
முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.
இரண்டால், மூன்றால், ஐந்தால், ஏழால்,
ஆயிரத்துக்கும் மேலான பகா எண்களால்,
எட்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு வரைக்கும்.
அங்கே மீதி
நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்று.
அடுத்த பகா எண்ணின் வர்க்கம் இதைத் தாண்டிவிடும்.
பென்சிலை வைத்துவிட்டுத் தேநீர் குடித்தேன்.
எவருக்கும் பங்கு வைக்க முடியாத எண்.

அதன் வாலை நறுக்கு: பகா எண்.
மறுபடி நறுக்கு: பகா எண்.
ஒற்றை ஏழாகக் குறுகும்வரை
எந்தத் துண்டும் பிளக்காது.
நீட்டத்தான் முடியாது.
வலப்பக்கம் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் உடைந்துபோகும்.
இந்த வம்சத்தில் இதைவிடப் பெரியது கிடையாது,
தண்டவாளம் முடியும் இடத்து மண்மேடு மாதிரி.

ஒன்பது, ஒன்று, மூன்று.
கடைசி இலக்கத்தின்மேல்
விரல் தடிமனுக்குப் பனிக்கட்டி.
உள்ளே வெள்ளையாய் ஏதோ வளைந்திருந்தது.

"மூன்று" என்றேன்.
"கணினி ஒத்துக்கொள்ளவில்லை."
"மூன்றுதான்."
"உல்மெக்கென், சுரண்டிப் பார்."

எட்டாவது, காவல் இலக்கம்.
முதல் ஏழில் ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து
இலக்கம் இலக்கமாய்க் கூட்டினால் முப்பத்தாறு.
நாற்பதை எட்ட நான்கு குறைகிறது.
பத்தொன்பது வருடமாக
தூக்கத்தில்கூட நான் போடும் கணக்கு அது.
குளிர்மேல் பழி போட முடியாது.

சுத்தியலால் தட்டினேன்.
நான்கு.
நேர்க்கோடுகள் மட்டும், வளைவே இல்லை.
இரட்டைப்படை எண்.
ஆறு பேருக்கு மீதியில்லாமல் பிரித்துக் கொடுக்கலாம்.

ப்ரெஸ்டிலிருந்து விளாதிவஸ்தோக் வரை
இந்த விதி இருக்கும்வரை
ஒரு டேங்கரும் என் எண்ணைச் சுமக்காது.
சுமந்திருந்தால்தான் என்ன,
எண்ணெய் எண்ணெய்தான்.

"நான்கு" என்றேன்.
"அப்படிச் சொல்" என்றான் செரிக்பாய்.
அவன் தேநீர் உறிஞ்சுவது கேட்டது.

பதினெட்டாவது, தனியார் வண்டி.
துடைத்தேன்.
ஐந்து.
ஐம்பத்தொன்பது.
ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று

"ஒவ்வொன்றாக" என்றான்.