ம்ம்

வெள்ளக்கோவில் ரோட்டு எடைமேடையில்
ராத்திரி ரெண்டேகாலுக்கு
ரெண்டு டிரைவரால் தொந்தரவு.

ஒருவர் மாதேசுவரன், அந்தியூர்க்காரர்.
தேங்காய்ப் பருப்பு லோடோடு மேடைமேல் நிற்கிறார்.
"எடையச் சத்தமாச் சொல்லாம
வண்டிய எறக்கமாட்டனுங்."

இன்னொரு டிரைவர் பெட்டிக்குள்.
இருக்கிறதா என்றே தெரியவில்லை.

நேற்று நான்தான் பழைய சிஸ்டத்தைத் துடைத்துவிட்டு
லினக்ஸ் ஏற்றினேன்.
வைரஸ் வராது, காசு கிடையாது, மக்கர் பண்ணாது.
சென்னியப்பண்ணனிடம் சொன்ன மூன்றில்
இரண்டு இன்னும் உண்மை.

எடை வருகிறது. பில் அடிக்கிறது.
கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கர் மட்டும்
பொட்டாட்டம் இருக்கிறது.

கண்ணாடிக்கு உள்ளே காட்டும் எண்ணை
இங்கே எவரும் நம்புவதில்லை.
போன ஆடியில் சட்டைக் காலர் வரைக்கும் போனது.
அதற்கப்புறம்தான் சம்பூர்ணா
ஒரு மத்தியானம் ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்து
சைபரிலிருந்து ஒம்பது வரை,
கடைசியாக ஒரு "கிலோ",
தனித்தனியாகச் சொல்லிப் பதிந்தாள்.
ஏழில் ஒரு பஸ் ஹாரன் விழுந்துவிட்டது.
திரும்பப் பதியலாம் என்றேன்.
"உடுங், இந்த ரோட்டு ஏழு அப்படித்தான் இருக்கும்."

கறுப்புத் திரையில் கேட்கிறேன்.
சவுண்ட் கார்டு ஒன்றும் இல்லை என்கிறது.
மாட்யூலைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.
இப்போது இரண்டு இருக்கிறதாம்.
சைபராவது கார்டு மானிட்டர் ஒயருக்கானது,
அந்த மானிட்டருக்கு வாயே கிடையாது.
ஒன்றாவதுதான் கம்பத்துக்குப் போகிறது.
இதுவரை சொன்னதெல்லாம்
வாயில்லாததிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.
ஒரு ஃபைலில் இரண்டு வரி எழுதி
வரிசையை மாற்றினேன்.
அணைத்துப் போட்டேன். நாலு நிமிஷம்.
லாரிக்குள் பீடி பற்றவைக்கிற வெளிச்சம்.

இன்னும் சத்தம் இல்லை.

மிக்ஸரைத் திறந்தேன்.
நெட்டுக்குத்தாக நிற்கும் பட்டைகள்,
ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு எம்.
வாய் மூடியிருக்கிறது என்று அர்த்தம்.
பதினோரு வருஷமாக இதே வேலை,
இன்றைக்குத்தான் அதைத் தமிழில் வாசித்தேன்:
ம்ம்.

இந்நேரம் வரை நான் சொன்னதற்கெல்லாம்
அது ம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது,
ஒரு பிழையும் காட்டாமல்,
தோளில் போனை இடுக்கியபடி
சீட்டு எழுதும் மண்டிக் கணக்குப்பிள்ளை மாதிரி.

எம் விசையை ஒரு தட்டு.
எம்கள் போய் இரண்டு சைபர். பச்சை.

அவசரத்தில் சோதனைக் கட்டளையைக் கொடுத்தேன்.
கம்பத்து உச்சியிலிருந்து
யாரோ ஒரு வெள்ளைக்காரி
காங்கேயம் வரை கேட்கிற மாதிரி சொன்னாள்:
"ஃப்ரன்ட் லெஃப்ட்."

பீடி வெளியே பறந்தது.
கியர் விழுந்தது.
லாரி மூக்கை இடது பக்கம் ஒடித்து
முன்சக்கரத்தை மேடையிலிருந்து இறக்கியது.
திரையில் எடை கடகடவென்று சரிகிறது,
சம்பூர்ணா கதவைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறாள்,
"அண்ணா நில்லுங்! அது உங்களையில்லீங்!"
"ஃப்ரன்ட் ரைட்," என்கிறாள் மேலே இருப்பவள்.
அதற்கும் திருப்புகிறார் மாதேசுவரன்.

கன்ட்ரோல் சி.

பின்னால் எடுத்து, மறுபடி ஏற்றி,
என்ஜின் ஆடி அடங்கி,
எண்கள் ஓரிடத்தில் நின்றபின்
கம்பம் சம்பூர்ணாவின் தொண்டையில் பேசியது:
ஒண்ணு.
ஏழு.

மாதேசுவரன் சட்டென்று கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.
பஸ் எதுவும் இல்லை.

ஆறு. நாலு. சைபர். கிலோ.

உள்ளங்கையில் எழுதிக்கொண்டு கிளம்பினார்.
நான் மிக்ஸரின் நிலையைச் சேமித்து வைத்தேன்,
இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும்
மறுபடி ம் கொட்ட ஆரம்பித்துவிடும்.

பையை எடுக்கும்போது
சம்பூர்ணா இரண்டு சீட்டுக் கிழித்தாள்.
"ரெண்டு வாட்டி ஏத்துனதுக்கு ரெண்டு பில்லுங்.
ரெண்டாவது உங்க கணக்குல."

ம்ம், என்றேன்.