தொடாத நாட்கள்

நான்குபேர் தூக்கி வந்தார்கள் அவனை,
நித்திரவிளையில், ரீசார்ஜ் கடைக்கு மேலே, என் அறைக்கு.
படிக்கொரு யோசனை சொன்னார்கள்.
"எண்ணெய சூடாக்கி அழுத்தித் தேய்ச்சு விடணும்க்கா,
ஞாயித்துக்கெழம பைனலாக்கும்."

கவிழ்த்துப் படுக்கவைத்தேன். இடது பின்தொடை.
ஜெர்சியில் பதினொன்று, அதன்மேல் வள்ளவிளை மணல்.
உட்காரும் எலும்புக்கு ஒரு சாண் கீழே
விரல்நுனி அளவுக்கு ஒரு பள்ளம்.
"ஓடும்போ யாரோ பின்னாலேருந்து கல்லெறிஞ்சமாதிரி இருந்துதா?"
"திரும்பிப் பாத்தேன். யாருமில்ல."
அதுதான்.
தசை கிழிந்தவர்கள் எல்லாரும்
ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்கள்.

இன்றைக்குத் தொடமாட்டேன் என்றேன்.

தொடுவதற்குத்தானே காசு வாங்குகிறேன்.
மார்த்தாண்டத்தில் வேறொரு ஆள் உண்டு என்றான் ஒருவன்.
கீழே பைக் உறுமியது, அணைந்தது.
ஜெரோபின் மட்டும் தலையணைக்குள் கேட்டான்:
"பின்ன என்னதான் செய்ய?"

ஐஸ் வந்தது,
தேங்காப்பட்டணத்து மீன்பெட்டியிலிருந்து, சூரை வாசத்தோடு.
துவாலையில் சுற்றி வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.
அந்த வாரம் அவனுக்கு நான் பார்த்த பெரிய வைத்தியம்
என் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தது.
ஞாயிறன்று மூன்றுக்கு ஒன்று, தோற்றார்கள்.
திங்களன்று அவன் தொடையின் கருநீலம்
முழங்கால் குழிவரை இறங்கி
ஓரத்தில் மஞ்சளாகியிருந்தது.
எனக்குச் சந்தோஷம். அவனிடம் காட்டவில்லை.

பத்தாம் நாள் கை வைத்தேன்.
நாலு சொட்டு எண்ணெய் போதும்.
கூடினால் வழுக்கும்,
வழுக்கினால் விரலுக்குக் காது கேட்காது.
முதலில் கெண்டைக்கால், பிறகு இடுப்பு,
காயத்தைச் சுற்றி மட்டும்,
துக்கவீட்டில் உள்ளே நுழையாமல்
முற்றத்திலேயே நின்று பேசுபவரைப்போல.
பதினாறாம் நாள்தான் உள்ளே போனேன்.
"நோவுதா?"
"இல்ல."
கட்டில் ஓரத்தில் அவன் கால் பெருவிரல் மடங்கியது.
நான் பெருவிரலை நம்பி
அழுத்தத்தைக் குறைத்தேன்.

"நாளைக்குத் தங்கலுக்குப் போறேன். முப்பத்தஞ்சு நாளு."
பின்தொடைக்காக வள்ளம் காத்துக் கிடக்காது,
வட்டிக்காரனும்தான்.
கோபத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன்:
ஐஸ் அறை மூடிமேல் மல்லாந்து படு,
குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்கு, பத்து முறை.
இரண்டாம் வாரம் முட்டுக்குத்தி நில்,
யாராவது கணுக்காலைப் பிடிக்கட்டும்,
பைய முன்னால் சாய்.
விழுவதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ
அவ்வளவு தள்ளிப்போடு.
வலை இழுக்கையில் காலை உதைக்காதே.
(இதை இரண்டுமுறை கோடிட்டேன்.)

பிறகு சிக்னல் இல்லாத நாட்கள்.
இரணியலிலிருந்து ஒரு கபடிக்காரியின் தோள்,
ஒரு கோலியின் சுண்டுவிரல்,
தக்கலைச் சாலையில் மாரத்தானுக்கு ஓடும்
தபால்காரரின் இரண்டு குதிகால்.
என் வலது கட்டைவிரலின் அடியிலும் ஒரு நோவு,
இரவில் தேநீர் டம்ளரைப் பிடிக்கும்போது மட்டும்.
யாராவது கேட்டால் இல்லை என்பேன்.
யாரும் கேட்பதில்லை.

நாற்பதாம் நாள் படியேறி வந்தான், தானே,
கருத்து, கன்னம் வற்றி.
பள்ளம் இருந்த இடத்தில் இப்போது லேசான தடிப்பு,
அறுந்த கண்ணியைப் புதுநூலில் அடைத்ததுபோல.
"கணுக்கால யாரு பிடிச்சா?"
"டிரைவரு. மொதல்ல சிரிச்சினும்.
பொறவு நடுவு நோவுதுன்னு அவியளும் முட்டுக்குத்தத் தொடங்கியாச்சு,
ஒம்பது பேரும், அந்தி நேரம்.
பக்கத்து வள்ளத்துக்காரன் செபம் சொல்லுதோம்னு நெனச்சு
தொப்பியக் கழத்திட்டு நிக்கான்!"

சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.
பிறகு நாலு சொட்டு எண்ணெய்.
தடிப்பின்மேல் மெல்ல ஏறினேன்.
"நோவுதா?"
பெருவிரல் நேராகத்தான் கிடந்தது.
"கொஞ்சம்," என்றான், முதல்முறையாக.
"எனக்கும்," என்று
கட்டைவிரலை எடுத்துவிட்டு
முழங்கைக்கு மாறினேன்.