இடது கால் அரை அளவு பெரிது

பிரேமர்ஹாஃபன். சனிக்கிழமைப் பழைய சாமான் சந்தை.
ஒரு கம்பளிக் குவியலுக்கும்
பிளக் இல்லாத வாஃபிள் அடுப்புக்கும் நடுவே கிடந்தது
தக்கை அடி வைத்த கிளாக் ஒரு ஜோடி.
நீலத் தோல். எட்டு யூரோ.
முப்பத்தொன்பது. என் எண்தான்.

போட்டுப் பார்த்தேன்.
உள்ளே ஏற்கெனவே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

பெருவிரல் ஊன்றிய குழி கறுத்திருந்தது.
சுண்டுவிரல் தரையையே தொட்டதில்லை போல.
குதிகாலின் வெளியோரம் சரிந்திருந்தது:
எதன் மீதோ சாய்ந்தபடியே
வருஷக்கணக்காய் நின்றவள்.
கல்லா மேசையோ, தொட்டிலோ.
அவள் பள்ளங்களுக்கு இடையே என் விரல்கள்
அடுத்தவர் கட்டிலில் படுத்ததுபோல் விழித்துக் கிடந்தன.

இரண்டு யூரோ குறைக்கிறேன் என்றான் விற்றவன்.

எனக்கு மருத்துவமனைச் சமையலறையில் வேலை.
மதியத்துக்கு மட்டும் அறுநூற்று நாற்பது தட்டு.
ஈர ஓட்டுத் தரையில் பத்து மணி நேரம்.
போன மாரி முழுக்க
எனக்கு முன்னால் என் குதிகால் விழித்துக்கொண்டது.

திங்கள் மாலை, வேலை முடிந்த கையோடு,
கையில் வெங்காய வாசத்தோடு, கடைக்குப் போனேன்.
'மாலையில் வந்தது நல்லது,
காலையில் கால் பொய் சொல்லும்' என்றான் யோஸ்ட்.
மோவாயில் சவரக் காயம். இருபத்தைந்து இருக்கும்.
மண்டியிட்டு என் காலைப் பிடித்தான்.
காலைப் பிடிப்பவர்கள் ஏதாவது கேட்பார்கள்.
அவன் கேட்டது ஒன்றுதான்:
வேலைக்குப் போடும் சாக்ஸ் இதுதானா?

அளந்தான். மறுபடி அளந்தான்.
'இடது கால் அரை அளவு பெரிது.'

நாற்பத்து மூன்று வருஷம்.
பள்ளிக்கூட பூட்ஸ், கல்யாணத்து வெள்ளை ஷூ,
ஓடாமலே பழசான ஓட்டக் காலணி,
எல்லாமே வலதுக்குப் பார்த்து வாங்கியவை.
இடது வாயே திறக்கவில்லை.

'பெரிய காலுக்கு வாங்குங்கள்.
சின்னதை வார் பார்த்துக்கொள்ளும்.'
நாற்பதா? முடியவே முடியாது என்று
ஒற்றைக் காலில் நின்றேன்.
நிஜமாகவே. மற்றது அவன் கையில் இருந்தது.

முப்பத்தொன்பதில் அகலம்: வாளியில் மீன்போல் கால் புரண்டது.
முப்பத்தொன்பதில் குறுகல்: பக்கம் சரி, விரல்நுனி முட்டியது.
நாற்பதில் குறுகல்.
குதிகால் அதன் கிண்ணத்தில் இறங்கி உட்கார்ந்தது.
விரல்கள் மடங்கும் இடத்துக்குச் சரியாக
ஒரு சின்ன மேடு வந்து நின்றது.
முன்னால் கொஞ்சம் இடம், பின்னால் கொஞ்சம்.
கம்பளத்தில் நாலடி வைத்து, நன்றாயிருக்கிறது என்றேன்.
'கம்பளம் முகஸ்துதி பண்ணும்.
வாசலோரம் ஓடு இருக்கிறது, அதில் நடங்கள்.'

நடந்தேன்.
வாரை இடதில் மூன்றாம் துளையில் போட்டான்,
வலதில் நான்காம் துளையில்.
நூற்றுப் பத்து யூரோ.
எட்டு யூரோ ஒரு கணம் கண்ணில் வந்து போனது.

முதல் வாரம் உயிர் போயிற்று.
தக்கைக்கு என்னைத் தெரியவில்லை,
எனக்குத் தக்கையைத் தெரியவில்லை.
நாளுக்கு இரண்டு மணி நேரம், பிறகு பழசு.
பாத்திரம் கழுவும் நெர்கிஸ்
'வீப்கே, படகா வாங்கினாய்?' என்று சிரித்தாள்.
அவளுடையதில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்க்கிறது.
என்ன அளவு என்றேன்.
தங்கச்சி போட்டு விட்டது என்றாள்.

பதினோராம் நாள்
உருளைக்கிழங்குத் தண்ணீரை வடிக்கும்போது,
ஆவி முகத்தில் அடிக்க,
காலையிலிருந்து கால்களை
ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அன்றிரவு கழற்றி விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.
சாம்பல் நிறத்தில் மெல்லிய பள்ளங்கள்.
ஐந்து விரலும் வந்திருந்தன.
இடது, வலதைவிட ஒரு நூல் முன்னால்.

சனிக்கிழமை சந்தைக்குப் போனேன், சும்மாதான்.
வாஃபிள் அடுப்பு அங்கேயே இருந்தது.
நீல ஜோடி இல்லை.
யாரோ அவளோடு
ஒத்துப்போய்விட்டார்கள்.