முப்பத்தேழாம் பேர்

பத்து, இருபது, முப்பது என்று
ஒவ்வொரு வரிக்கும் எண் போட வேண்டும் பேசிக்கில்.
அந்த வரிக்கும் இங்கிலீசில் லயன் என்றுதான் பெயர்.
படிக்கும்போது எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

பொகவந்தலாவையில் மழை பிடித்து ஒன்பதாம் நாள்.
ஆபீஸில் ஹீட்டர் கம்ப்யூட்டருக்கு,
பூஞ்சணம் பிடித்துவிடுமாம்.
நாற்காலியை அதன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் இருளாயி.
இடுப்புப் படங்கு சொட்டுகிறது, கையில் சம்பளத் துண்டு.
"நூத்தம்பத்தாறு கிலோவாம், ஜூன் மாசம் முழுக்க.
இடது கையால மட்டும் பறிச்சாலும் அதைவிடக் கூட வரும்."

மெஷின் பொய் சொல்லாது என்றார் பெரிய கிளாக்கர்,
பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

சொல்லாதுதான்.
கேட்ட அறையை மட்டும் திறந்து காட்டும்.

49152இல் தொடங்குகிறது வரிசை.
ஓர் அறை இருநூற்றைம்பத்தைந்துக்கு மேல் தாங்காது;
மிஞ்சினால் பக்கத்து அறையில் ஒன்று குறித்துவிட்டு
இங்கே மறுபடியும் பூஜ்யம்.
ஒரு பேருக்கு இரண்டு அறை.
செக்ரோலில் இருளாயி முப்பத்தேழு.

பீக் என்றால் எட்டிப்பார்ப்பது.
எத்தனை தரம் பார்த்தாலும் உள்ளே இருப்பது குறையாது.
49226இல் பார்த்தேன்: 156.
49227: 1.

அந்த ஒன்று
இருநூற்றைம்பத்தாறு கிலோ.

நூற்றிருபதாம் வரி பக்கத்து அறையைப் பார்க்கவேயில்லை.
அந்த வரியை எழுதியது நான்.
கை மந்தமானவர்களுக்குக் கணக்குச் சரி.
வேகமான கைகளுக்குத்தான் வெட்டு.
மூன்று மாதமாக.

திருத்தினேன். பிரிண்டர் கிறீச்சிட்டு 412 அடித்தது.
இருளாயி துண்டை வாங்கி,
பார்க்காமலே மடித்துக்கொண்டாள்.
"அப்ப மே மாசம்?"

மே மாதமும் இதே அறைகளில்தான் இருந்தது.
ஜூன் வந்தது,
மேல் எழுதிக்கொண்டது.
அங்கே எட்டிப்பார்க்க ஒன்றுமில்லை என்றேன்.

கொஞ்ச நேரம் ஹீட்டரையே பார்த்தாள்.
பிறகு கண்ணை மூடி, பெரட்டில் பேர் கூப்பிடுகிற மாதிரி,
"பதினெட்டு. இருபத்தொண்ணு. பத்தொம்பதரை.
நாலாம் நம்பர் மலைன்னைக்கு இருபத்தாறு..."

ஐந்நூறாம் வரி, டேட்டா என்று அடித்து
காற்புள்ளி, காற்புள்ளியாக அவள் பின்னால் ஓடினேன்.
பெரிய கிளாக்கர் பேப்பரை மடித்து வைத்தார்.

"ஒண்ணாந் தேதி லீவு," என்றாள் நடுவில்.
"அதைப் போட்டுறாத.
பறிக்காத கொழுந்துக்கு எனக்குக் காசு வேணாம்."